பார்த்ததாகக் கையெழுத்திட்ட வயல்

கச்சிராயபாளையம் பக்கத்தில் என்னைப் பற்றி ஒரு பேச்சு நிலவுகிறது. வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் மறுதாம்புக் கரும்பு கெட்டுவிடும் என்ற கஞ்சத்தனத்தால், விமானத்திலிருந்து குதிக்க வந்த பெண்ணை நான் திருப்பி அனுப்பிவிட்டேன் என்பது அந்தப் பேச்சு. அதை இதுநாள்வரை நான் மறுத்ததில்லை. மறுக்காமைக்குப் பெருந்தன்மை காரணமன்று.

வேளாண்மையில் பட்டம் பெற்று, கரும்பு ஆலையொன்றில் கரும்பு அலுவலராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். எந்த வயலை எப்போது வெட்டலாம் என்று எழுதிக் கொடுப்பதே என் வேலையாக இருந்தது. என் கையெழுத்தை எவரும் இருமுறை சரிபார்த்ததில்லை.

எங்கள் ஊரருகே மனைப்பிரிவு போட்ட ஒருவர், அதன் திறப்பு விழாவில் சிறு விமானத்திலிருந்து ஒரு பெண்மணியைப் பாராசூட்டில் இறக்கிக் காட்ட விரும்பினார். மனைகளுக்கு நடுவே கம்பிகளும் கொடிக்கம்பங்களும் இருந்தபடியால், அடுத்திருந்த என் மூன்று ஏக்கர் வயலைக் கேட்டார். விழாவுக்கு முன் கரும்பு வெட்டு முடிந்துவிடும் என்பதால் சம்மதித்தேன். மேடையில் எனக்கு முதல் வரிசை நாற்காலி என்றும் சொன்னார். அந்த நாற்காலி என் சம்மதத்தில் எந்தப் பங்கும் வகிக்கவில்லை என்று இங்கே எழுத எனக்குத் துணிவில்லை.

அவர் தட்டச்சு செய்து கொண்டுவந்த கடிதத்தில் ஒற்றுப்பிழைகள் இருந்தன. பேனாவை எடுத்து அவற்றைத் திருத்தினேன். 'நிலம் தடையேதுமற்ற சமதளம் என நேரில் பார்த்து உறுதி செய்கிறேன்' என்ற வரியைத் திருத்தாமல் கையெழுத்திட்டேன். அன்று அந்த வயலில் கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நின்றுகொண்டிருந்தது.

விழாவுக்கு முந்தைய நாள் மாலை வெட்டு முடிந்தது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த வெட்டு ஆட்களின் மேஸ்திரி, கத்தியைச் சாக்கில் சுற்றியபடி என்னிடம் கேட்டார்: "இதுலயாங்க அந்தம்மா எறங்கப் போறாங்க? நாங்களே செருப்பில்லாம கால் வெக்கறதில்லீங்க, ஐயா. சரி, நீங்க பாத்துதான் சொல்லியிருப்பீங்க."

அப்போதுதான் என் வயலை நான் பார்த்தேன். வெட்டிய கரும்பு வயல் சமதளமே அன்று. மேட்டுப் பாரும் பள்ளச் சாலுமாக ஏறி இறங்கிக் கிடக்கும். சீவாத அடிக்கட்டைகள் கத்தி போன சாய்வில் ஆப்புகளைப்போல நிற்கும். ஓடும் சைக்கிளின் வேகத்தில் வந்து சறுக்கி உட்காரும் ஓர் உடம்புக்கு அது என்ன செய்யும் என்று எண்ணிப் பார்க்கப் பட்டப்படிப்பு தேவையில்லை. இருந்தும் பட்டம் பெற்ற எனக்கு அது ஒரு மேஸ்திரி சொல்லித்தான் தெரிந்தது.

மனைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் சிரித்தார்.

"இன்னா ஐயா நீங்க, கரும்புக் கட்டைக்குப் போயி! மேல சோகையப் பரப்பச் சொல்லுங்க, மெத்த மாதிரி ஆயிடும். வானத்துலேர்ந்து குதிக்கறவங்க கட்டைக்கா பயந்துக்கினு இருக்கப் போறாங்க?"

இந்த இடத்தில் உறுதியாக மறுத்திருக்க வேண்டியவன் நான். கடிதத்தைத் திரும்பக் கேட்டிருந்தால் போதும். ஆனால், ஏன் திரும்பக் கேட்கிறீர்கள் என்ற கேள்வி வரும்; பார்க்காமலே கையெழுத்திட்டேன் என்று சொல்ல நேரும். ஆட்களை விட்டு, வெட்டில் கழித்துப்போட்ட காய்ந்த கரும்பு இலையான சோகையைப் பரப்பச் செய்தேன். பார்வைக்கு மெத்தையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை அதன்மேல் நடந்து பார்த்தேன். நான்காவது அடியில் கால் சோகைக்குள் புதைந்தது. ஒரு கட்டை செருப்பின் ஓரத்தைக் கிழித்துக் கணுக்காலில் ஏறியது. முந்தின நாள் கண்ணுக்குத் தெரிந்த ஆபத்தை நானே கூலி ஆட்களைக் கொண்டு மூடிவைத்திருந்தேன்.

மனைக்காரர் தொலைபேசியை எடுக்கவில்லை. அந்தப் பெண்மணியின் எண் என்னிடம் இல்லை. அவர்கள் புறப்படும் இடம், நெடுஞ்சாலையோரம் கைவிடப்பட்டுக் கிடக்கும் பழைய ஓடுதளம். வாடகைக் காரில் கள்ளக்குறிச்சியைத் தாண்டுவதற்குள், பேருந்து நிலையத்தருகே ஷேர் ஆட்டோக்கள் அடைத்துக்கொண்டு நின்றதில் பொறுமை முற்றிலும் போயிற்று. ஓட்டுநரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் என்ன செய்வார்?

ஓடுதளத்தில் விமானத்தின் விசிறி சுழலத் தொடங்கியிருந்தது. கையை உயர்த்திக்கொண்டு நேராக அதை நோக்கி நடந்தேன். அடுத்த கணம் உதவியாளர் ஒருவர் என் புஜத்தைப் பற்றிப் பின்னால் இழுத்தார். என் தோளில் பறந்த துண்டைச் சுருட்டித் தம் அக்குளில் வைத்துக்கொண்டார். என்மேல் யாரும் கைவைத்துப் பல்லாண்டுகள் ஆகியிருந்தன. நான் யார் தெரியுமா என்று கேட்டுவிட்டேன்.

"யாரா இருந்தாலும் முன்னாடி போவக் கூடாதுங்க ஐயா. சுத்தறது கண்ணுக்குத் தெரியாது. துண்ட இழுத்துச்சின்னா ஆளையும் சேத்து இழுத்துரும்" என்றார் அவர்.

உண்மைதான். அது எனக்கு வெறும் காற்றாகவே தெரிந்திருந்தது.

விமானி இயந்திரத்தை நிறுத்தினார். முதுகில் பாராசூட்டுடன் அந்தப் பெண்மணி இறங்கி வந்தார். முப்பது வயதிருக்கலாம். காலில் கட்டியிருந்த வண்ணப்புகைக் குப்பியைத் தட்டிச் சரிசெய்தபடி நான் சொன்னதைக் கேட்டார். கட்டை, பார், சால், மேலே பரப்பிய சோகை என்று எல்லாவற்றையும் சொன்னேன். சோகை என்றதும், காய்ந்த இலையில் பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் என்று அறிந்தவராகக் குனிந்து அந்தப் புகைக் குப்பியைக் கழற்றினார். பின் தம் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே என் கடிதம் இருந்தது.

"இது உங்க கையெழுத்துதானுங்களே?"

ஆம் என்றேன்.

"நேர்ல பாத்துதான் போட்டீங்களா, ஐயா?"

நிலத்தின் தன்மை, வெட்டின் தாமதம் என்று ஏதேதோ சொல்லத் தொடங்கினேன். அவர் காத்திருந்தார். கடைசியில் "இல்லை" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். நேற்று மாலைதான் இன்னொரு விழாவிலிருந்து வந்ததாகவும், தாமும் போய்ப் பார்த்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். பிறகு இதைச் சொன்னார்: "மேல இருந்து பாத்தா எனக்கு எல்லாமே பழுப்பாதாங்க தெரியும். கட்டை இருக்கா இல்லையான்னு தெரியாது. அதுக்குத்தான் கீழ இருக்கற ஒருத்தரக் கேட்டுக்கறோம்."

அன்று அவர் குதிக்கவில்லை. இறங்குமிடம் தகுதியற்றது என்று மட்டும் மனைக்காரரிடம் சொன்னார். என் "இல்லை"யை அவருக்குச் சொல்லவில்லை. மனைக்காரர் ஒலிபெருக்கியில் தம் விளக்கத்தைத் தந்தார். வயலை உழுது சமப்படுத்தித் தர உரிமையாளருக்கு மனம் வரவில்லையாம், மறுதாம்பு போய்விடுமாம். வெயிலில் காத்திருந்த கூட்டத்துக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, கிடைத்தது. உழும்படி என்னை எவரும் கேட்கவேயில்லை. இதை எத்தனையோ முறை சொல்ல வாயெடுத்திருக்கிறேன். சொன்னால், பின் ஏன் குதிக்கவில்லை என்பார்கள். ஆகவே கஞ்சன் என்ற பெயர் எனக்குச் சௌகரியமாயிற்று.

சென்ற மாதம் கள்ளக்குறிச்சியில் ஒரு திருமணப் பந்தியில் அந்தப் பேச்சு மீண்டும் எழுந்தது. என் எதிர் வரிசையில், ஆலையில் என்கீழ் களப்பணி செய்த ஒருவர் அமர்ந்திருந்தார். வயலுக்குப் போகாமலே அறிக்கை எழுதினார் என்பதற்காக அவரை ஒருமுறை நான் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் இடம் மாற்றியதுண்டு. பள்ளி செல்லும் பிள்ளைகளோடு அவர் பட்ட சிரமம் எனக்குத் தெரியும். அவர் இலையிலிருந்து தலை நிமிர்ந்து, பேசியவரைக் கண்டித்தார்.

"ஐயாவ எனுக்குத் தெரியும்பா. காரணம் இல்லாம செய்யறவரு இல்ல. பாக்காம ஒரு எழுத்து எழுதமாட்டாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சாம்பார் கேட்டேன்.

அவர் இதைப் படிக்க நேர்ந்தால், அன்று அவர் சொன்னது சரியன்று என்பதை இதன்மூலம் அறிவித்துக்கொள்கிறேன்.