சார் மீன் பிடிக்கும்

எங்கள் வீட்டுப் பரணில், பழைய வேட்டித் துணியில் சுற்றி, முழங்கை நீளத்தில் ஒரு கறுப்புக் குழல் கிடந்தது. பார்த்தால் புல்லாங்குழல் உறை என்று நினைப்பீர்கள். நுனியைப் பிடித்துக் கணுக்கணுவாக இழுத்தால் பன்னிரண்டு அடிக்கு நீளும். ஜப்பானிய முறைத் தூண்டில். போன வாரம் ஒட்டடை அடிக்க ஏறியபோது கையில் தட்டுப்பட்டது. ஏணியில் நின்றபடியே முகம் சூடாகிவிட்டது எனக்கு. இத்தனை வருஷம் கழித்தும்.

அது டிராஃப்ட்ஸ்மேன் சாருடையது. கரமனை அக்ரஹாரத்தில் எங்களுக்கு மூன்றாவது வீடு. அரசு அலுவலகம் ஒன்றில் அவர் வரைபடம் போட்டார், நான் அங்கேயே கிளார்க். ஏறக்குறைய ஒரே வயது. மலை ஓடைகளை நீலக்கோடுகளாக வரைந்து வரைந்து, அவற்றை நேரில் பார்க்காமல் இருக்க முடியாது என்றாகிவிட்டது அவருக்கு. ஜப்பானிலிருந்து அவருடைய தம்பி இந்தத் தூண்டிலைக் கொண்டுவந்ததும் அந்த ஆசைக்கு ஒரு சாக்கு கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை தம்பானூரில் பஸ் ஏறி, விதுரை தாண்டி, தெரிந்தவருடைய ரப்பர் தோட்டத்து ஓடைக்குப் போவார். ஒருநாள் என்னையும் கூப்பிட்டார். போனேன். அப்புறம் இரண்டு வருஷம் விடாமல் போனேன்.

அந்த ஓடை நாலெட்டில் தாண்டிவிடக்கூடியது. பாறைக்குப் பாறை ஒரு சின்னக் குழி, அதில் தண்ணீர் சுழன்றுகொண்டிருக்கும். சாதாரணத் தூண்டிலை எறிந்தால் கயிறு முழுக்க நீரில் விழும். ஓட்டம் அதை இழுக்கும், மீன் மிரண்டு ஓடும். இதிலோ சுருள் கிடையாது. கோலின் நுனியிலேயே மெல்லிய கயிறு, அதன் முனையில் நூலும் இறகும் சுற்றிய பொய்ப்பூச்சி. கோல் நீளமானதால் நடுவிலுள்ள பாறையைத் தாண்டிக் கையை நீட்டினால் போதும், பூச்சி மட்டும் குழியில் உட்காரும். மடக்கினால் சோற்றுப் பொட்டலத்தோடு பைக்குள் போய்விடும், தெருவில் யாருக்கும் தெரியாது. புழு கோர்க்கிற பாவமும் இல்லை. மீன் காயமில்லாமல் கழலட்டும் என்று முள்ளின் எதிர்க்கொக்கியை சார் இடுக்கியால் நசுக்கி வைத்திருந்தார். விரல் நீளப் பரல் மீன் மாட்டும். கையை நனைத்துக்கொண்டு ஏந்தி, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு விட்டுவிடுவார். அவர் வெங்காயம்கூடச் சாப்பிடாதவர். எனக்கு அந்தப் பொறுமை வரவில்லை. மாட்டியதை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பேன், சட்டையெல்லாம் ஈரமாகும்.

வீட்டில் நான் சொன்னது வேறு. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு அப்படியே லைப்ரரி. திரும்பும்போது நிஜமாகவே தேங்காய் உடைத்து, ஒரு சில்லை மனைவி கையில் கொடுப்பேன். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்.

சாரின் மகளுக்குத் திருநெல்வேலியிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண்ணுக்கும் பையனுக்கும் பிடித்துவிட்டது. அக்கம்பக்கத்தில் விசாரிக்கப் பையனின் தாய்மாமா என் வீட்டுக்கு வந்தார். காபி குடித்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழமையானா அவர் ஆத்துல தங்கறதில்லையாமே?" என்று கேட்டார்.

"ஓ, அதுவா? சார் மீன் பிடிக்கும்" என்றேன்.

கரமனையில் எங்கள் தமிழில் மலையாளம் கலந்திருக்கும், நாங்கள் அப்படித்தான் பேசுவோம். மலையாளத்தில் வினைக்கு வால் கிடையாது. அவனும் பிடிக்கும், அவரும் பிடிக்கும். திருநெல்வேலிக்காரர் காதில் விழுந்தது வேறு. விட்டுப்போன 'க்கு'வை அவரே சேர்த்துக்கொண்டார்.

"பிடிக்குமா?"

"நன்னாப் பிடிக்கும். ஜப்பான் ஸ்டைலாக்கும். பொரிக்கறது, சமைக்கறது ஒண்ணும் கிடையாது."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அந்த முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. 'ஐயோ மாமா, தூண்டில் போடுவார், பிடிச்சதை விட்டுடுவார், நானே கூடப் போய்ப் பார்த்திருக்கேன்' என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சமையலறை வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன். அவர் மீதிக் காபியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

வரன் தட்டிப்போனது. பேச்சு தெருவில் பரவியது. சமூகமடத்துச் சாப்பாட்டில் எப்போதும் சாம்பார் வாளி தூக்குகிற சாரிடம், "நீங்க உக்காருங்கோ, பசங்க பரிமாறட்டும்" என்று மரியாதையாகச் சொன்னார்கள். அவர் உட்கார்ந்தார். பக்கத்து இலையில் நான். அந்தப் பெண் ஒரு மாசம் வாசலுக்கே வரவில்லை. ஒருநாள் சார் தூண்டிலைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். "யாரோ என்னமோ சொல்லியிருக்கா. இது எங்காத்துல வேண்டாம், நீங்க வச்சுக்கோங்கோ." நான், "சில பேருக்கு வேற வேலையில்லை சார்" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

போன வாரம் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற மனைவியிடம், இறங்காமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"பிள்ளையார் கோவிலுக்குப் போயிட்டு வந்தா சட்டையில மீன் நாத்தம் வருமா? முதல் ஞாயித்துக்கிழமையே எனக்குத் தெரியும். அன்னிக்கு நீங்க வாயைத் திறப்பேள்னுதான் அங்கே நின்னேன்."

வெட்கத்தில் ஏணியிலிருந்து இறங்க முடியவில்லை. அவளுக்குப் பயந்து நான் காப்பாற்றிய ரகசியம் ரகசியமாகவே இருந்ததில்லை.

சார் இப்போது மகளோடு பெங்களூரில் இருக்கிறார். அவள் பிற்பாடு தன்னோடு வேலை பார்த்தவனையே கட்டிக்கொண்டாள், நன்றாக இருக்கிறாள். அதைச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை காலம் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஏணியிலிருந்து இறங்கிய அன்று சாயங்காலமே அவருக்கு ஃபோன் செய்தேன். மழை, முட்டிவலி எல்லாம் பேசி முடித்து அவர் வைக்கப்போகும்போது, "சார், மீன் பிடிக்கும்னு அந்த மாமாகிட்ட சொன்னது நானாக்கும்" என்றேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா, ஒரு ஃபோன்ல முடிஞ்சிருக்குமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"தூண்டிலைப் பூஞ்சை பிடிக்காம வச்சிருக்கேளா?"

"வச்சிருக்கேன் சார்."

"அதுவாவது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதை மறுபடி பரணில் ஏற்றவில்லை. வேட்டித் துணியைப் பிரித்து, கூடத்தில் வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி ஜன்னல் மேடையில் வைத்திருக்கிறேன். என்ன இது என்று கேட்டால், சார் மீன் பிடித்த தூண்டில், நானும் கூடப் போயிருக்கிறேன் என்று சொல்லத் தயாராக இருக்கிறேன். இப்போது இதைப் பற்றிக் கேட்க யாரும் வருவதில்லை.