எழுநூற்றில் போட்ட சிவப்புக் கோடு

என் வீட்டுக்காரரைப் பட்டறைத் தெருவில் எல்லோரும் 'தெர்மாமீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். லாரி இன்ஜினில் டீசலையும் டர்போ காற்றையும் கூட்டி, இழுவை ஏற்றித் தருவது அவர் தொழில். "இழுவை கேட்டா சூடும் கூடவே வரும். மீட்டரப் பாத்து ஓட்டுங்கப்பா" என்று இருபது வருடமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. பிஸ்டன் உருகினால் மட்டும் இவர் தலைதான் உருளும். வீட்டுக்கு வந்தால் சாப்பிடக்கூடத் தெம்பிருக்காது, சட்டையோடு சாய்ந்துவிடுவார். அந்தப் பட்டறையை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம் பட்டறைக்கு வந்தது இவர் தங்கை புருஷனின் லாரி. அந்த ஒரு வண்டியை நம்பித்தான் அவர்கள் குடும்பமே ஓடுகிறது. புகையின் சூட்டைக் காட்டும் மீட்டரின் முனையை டர்போவுக்கு முன்னால் பொருத்த வேண்டும். அதற்கு நிறையக் கழற்ற வேண்டும். அன்று களைப்பில் இவருக்குக் கையே ஓடவில்லை. டர்போவுக்குப் பின்னால் ஒரு துளை தயாராக இருந்தது, அதிலேயே மாட்டிவிட்டார். அங்கே சூடு நூறு டிகிரிக்கு மேல் குறைவாகத்தான் காட்டும். அதனால் எச்சரிக்கைக் கோட்டையும் கீழே இறக்கிப் போட வேண்டும். பழக்கதோஷம், என் நெயில் பாலிஷால் வழக்கம்போல எழுநூற்றிலேயே போட்டுவிட்டார்.

"முள்ளு இதத் தொட்டா கால எடுத்துடு, மாப்ள" என்று சொல்லியும் அனுப்பினார்.

நேற்று மதியம் சாப்பிட உட்கார்ந்தவர் சட்டென்று எழுந்தார். "அடியே, கோட்டத் தப்பாப் போட்டுட்டேன்டி!"

லாரி அப்போது முழு லோடோடு மலை ஏறிக்கொண்டிருந்தது. மூன்று முறை போன் அடித்தும் எடுக்கவில்லை. நான்காவது முறை எடுத்தான். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"வண்டி நின்னுபோச்சு மச்சான். பிஸ்டன் போயிடுச்சு போல." அழுதுவிடுவான் போலிருந்தது. "ஆனா முள்ளு கோட்டத் தொடவே இல்ல, சத்தியமா. நீங்க சொன்னபடிதான் ஓட்டினேன். நம்புங்க."

வாயைத் திறக்காதீர்கள் என்று நான் சைகை காட்டினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் காட்டினேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உன் மேல தப்பே இல்ல மாப்ள. கோட்ட நான்தான் தப்பாப் போட்டேன். அங்கயே இரு, வரேன்."

போனை வைத்துவிட்டு, கை கழுவி, கருவிப் பையை எடுத்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது கண் கலங்கியிருந்தது.

"இருபது வருஷத்துல என் பேச்சக் கேட்டு ஓட்டினவன் இவன் ஒருத்தன்தான்டி" என்றார்.