காளியம்மாள் வாய் திறந்த ஞாயிறு

காளியம்மாளுக்குக் கோடாலியைக் கண்டு பயமில்லை. ரத்தத்தைக் கண்டு பயமில்லை. கையில் ஆட்டுத்தலையோடு போகிற ஆளைப் பார்த்து, "இங்க குடுங்க, நான் சுட்டுத் தர்றேன்" என்று சொல்வதற்குத்தான் பயம். பிற்காலத்தில் ஓசூரில் அவளைத் தெரிந்துகொண்டவர்கள் இதை நம்பவே மாட்டார்கள். பாகலூர் ரோட்டில் பஸ் ஹாரனையும் மீறிக் கேட்கிற தொண்டை அது. ஆனால் நான் சொல்வது எண்பத்தாறாம் வருஷத்துக் காளியம்மாளைப் பற்றி.

அந்தப் பயம் தானாக வந்ததல்ல, அடித்து உள்ளே இறக்கியது. புருஷன் அழகர்சாமி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கென்று அவளைக் கூட்டிக்கொண்டு வந்தவன். பொண்டாட்டி வெளியாளிடம் வாய் திறந்தால் அவனுக்கு ஆகாது. பால்காரனிடம் பால் தண்ணியாக இருக்கிறது என்றாள், வீட்டுக்குள் வந்ததும் அறை விழுந்தது. கண்டக்டரிடம் சில்லறை கேட்டாள், அதற்கும் அறை. போகப் போக, அறிமுகமில்லாத ஆளிடம் பேச வாயெடுத்தாலே அவளுக்கு இடது கன்னம் முதலில் எரிய ஆரம்பித்துவிடும். அடி பிறகுதான் வரும்.

அப்புறம் ஒரு நாள் கம்பெனியில் தகடு வெட்டுகிற பவர் பிரஸ் அவன் வலது கை விரல்களை ஒரே இறக்கில் நறுக்கிப் போட்டது. கம்பெனிக்காரர்கள் ஏதோ கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடித்த கை போயிற்று என்று காளியம்மாள் ஒரு நொடி நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக உட்கார்ந்து அழவும் செய்தாள். அழுதிருக்க வேண்டாம். புண் ஆறிக் கட்டை அவிழ்ப்பதற்குள் அவன் இடது கையால் அடிக்கப் பழகிவிட்டான்.

இனி சோற்றுக்கு வழி அவள்தான் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கம்பெனி ஆட்கள் தலையும் காலும் வாங்கக் கறிக்கடைக்குக் கூடுவார்கள். வாங்கியதை லைன் வீட்டு மண்ணெண்ணெய் அடுப்பில் எவன் மயிர் பொசுக்கிக்கொண்டிருப்பான்? கறிக்கடை வரிசைக் கடைசியில் உலை வைத்திருந்த தங்கதுரையிடம் கொடுப்பார்கள். அவன் சுட்டு, சுரண்டி, பிளந்து கொடுப்பான். வேறு ஆள் கிடையாது என்கிற திமிரில் மண்டையைக் கண்டபடி உடைப்பான், பாதி மூளை கோடாலியோடு போய்விடும். காளியம்மாளுக்கு இந்த வேலை தண்ணிபட்ட பாடு. அவள் பிறந்த ஊரில் கிடா வெட்டினால் தலைகளைப் பக்குவம் பண்ணுவது பொம்பிளைகள்தான். கறிக்கடை ஃபக்ருதீனிடம் கேட்டு அவர் கடைக்குப் பக்கத்தில் ஒரு தகர அடுப்பைப் போட்டு உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததோடு சரி. கரி கனன்று கொண்டிருக்கும், கோடாலி தீட்டி வைத்திருக்கும், வாய் மட்டும் தைத்துப் போட்டது மாதிரி இருக்கும். தலையோடு வருகிறவர்கள் அவளைத் தாண்டித் தங்கதுரையிடம் போனார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் அவளைப் பிச்சைக்காரி என்று நினைத்து ஒரு எலும்புத் துண்டை மடியில் போட்டுவிட்டுப் போனான். அவள் அதை எடுத்து எறியக்கூட இல்லை, மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்த ஃபக்ருதீனுக்குத்தான் கோபம் வந்தது.

"என்னம்மா நீ, கடையைத் தொறந்து வெச்சிட்டு வாயைப் பூட்டிக்கினு குந்திக்கினு இருக்கறே. நீ சுடறவன்னு எவனுக்குத் தெரியும்? கூப்புடு."

"வரமாட்டேங்குது பாய்."

"வரலன்னா அடுத்த வாரம் எடத்தை உட்டுடு. பொரி விக்கிறவன் கேட்டுக்கினு இருக்கறான்."

வீட்டில் அழகர்சாமி அதைவிடப் பெரிய குண்டைப் போட்டான். வருகிற ஞாயிறும் வெறுங்கையோடு வந்தால் சாமான்களை விற்றுவிட்டு ஊருக்குப் போய் அவன் அண்ணன்மாரோடு இருந்துகொள்ளலாம் என்றான். அந்த வீடு காளியம்மாளுக்குத் தெரியும். அங்கே அடிக்கிற கைகள் இன்னும் நிறைய. மகள் முத்துமணி இப்போதே யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முழங்கையை மடக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறாள். அந்த வீட்டில் வளர்ந்தால் பிள்ளை கையைக் கீழே இறக்கவே மாட்டாள்.

அந்த ஞாயிறு தங்கதுரையிடம் கூட்டம் அதிகம். காத்திருக்கப் பொறுக்காமல் பார்வதி என்கிற தெலுங்குக்காரம்மா தான் வாங்கிய ஆட்டுத்தலையைக் காளியம்மாள் முன்னால் வைத்தாள். காளியம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. கம்பியில் குத்தி வாட்டினாள், சுரண்டினாள், கொம்பைத் தட்டினாள், நடுவில் ஒரே போடு. மூளை முழுசாக வாழையிலையில் வந்து உட்கார்ந்தது. பார்வதி அதை நாலு பேருக்குத் தூக்கிக் காட்டினாள்.

தங்கதுரையும் பார்த்துவிட்டான். வந்தவன் முதலில் அடுப்பை உதைத்தான். கங்கு பறந்து அவள் தொடையிலும் பாதத்திலும் விழுந்தது. எழுந்திருப்பதற்குள் கொண்டையைப் பிடித்துத் தூக்கி வாயிலேயே குத்தினான். உதடு கிழிந்தது, பல் ஒன்று ஆடியது.

"எவன்டி ஒனக்கு இங்க எடம் குடுத்தது?" என்று கேட்டு மறுபடியும் குத்தினான். சுற்றி நின்றவர்களுக்கு அந்த நேரம் பார்த்துத் தராசைப் பார்க்க வேண்டியிருந்தது.

காளியம்மாளுக்கு ஒன்று உறைத்தது. அவள் யாரையும் கூப்பிடவில்லை. வாயே திறக்கவில்லை. இருந்தும் அடி அதே வாயில்தான் விழுகிறது. இத்தனை வருஷமும் எதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்று வந்ததே ஒரு ஆத்திரம், கங்கில் கிடந்த கம்பியை எடுத்து அவன் முழங்கையில் வைத்து அழுத்தினாள். தோல் பொசுங்கியது. அவன் அலறிக்கொண்டு கொண்டையை விட்டான். அவள் விடவில்லை, கம்பியை ஓங்கிக்கொண்டு போய்த் தோளில் ஒன்று, முதுகில் ஒன்று போட்டாள். கையைப் பிடித்துக்கொண்டு அவன் உலைப் பக்கம் ஓடினான். அவன் பின்னாலேயே அவள் தொண்டையும் திறந்துகொண்டது. அவன் ஆத்தா அப்பன் எல்லாரையும் இழுத்துத் திட்டினாள். கறிக்கடைச் சந்தே திரும்பிப் பார்த்தது. பார்த்தவர்களில் பாதிப் பேர் கையில் ஆட்டுத்தலை தொங்கியது.

மூச்சு விடாமல், அதே குரலில், ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "தலை சுடணுமா, இங்க வாங்க. மூளை செதறாம எடுத்துத் தர்றேன். வரிசையில நிக்க வேண்டியதில்ல. கன்னடத்துக்காரவுகளும் வாங்க, தெலுங்குக்காரவுகளும் வாங்க."

யாரும் நகரவில்லை. ஃபக்ருதீன் கடையிலிருந்து இறங்கி வந்து கவிழ்ந்த அடுப்பை நிமிர்த்தி, கங்குகளைக் கூட்டிப் போட்டார். லாரி ஓட்டுகிற திம்மராயன் முன்னால் வந்து தன் கையிலிருந்த ஆட்டுத்தலையை நீட்டினான். காளியம்மாள் வாங்கி நெருப்பில் வைத்தாள். உதட்டு ரத்தம் கறியில் விழாதபடி முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டே சுட்டாள். அவனுக்குப் பின்னால் இன்னொருவன் வந்து நின்றான். சந்தில் கூட்டம் கலைகிறவரை அவள் கத்துவதை நிறுத்தவில்லை.

அரிசியும், ஃபக்ருதீன் கொடுத்த ஒரு தலையுமாக வீட்டுக்கு வந்தபோது சேதி அவளுக்கு முன்னால் வந்திருந்தது.

"நடுரோட்டுல நின்னு கத்துனியாமே," என்று அழகர்சாமி இடது கையை ஓங்கினான். முத்துமணியின் முழங்கை தானாக முகத்துக்குப் போனது.

காளியம்மாளுக்குக் கன்னம் எரியவில்லை. அவள் பின்வாங்கவும் இல்லை.

"ஆமா, கத்துனேன். அடுத்த வாரமும் கத்துவேன். இப்ப அடிச்சீகன்னா இங்கயே கத்துவேன், லைன் பூராவும் வந்து நிக்கும்." அவள் சொல்லி முடிப்பதற்குள்ளேயே எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அடுத்த வீட்டுக் கதவும் திறந்தது. ஓங்கிய கையை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"கையை எறக்குங்க. எறக்கிட்டு அடுப்பைப் பத்த வைங்க," என்றாள்.

அவன் குனிந்து தீப்பெட்டியைத் தேடினான். முத்துமணி முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டு அம்மாவின் கிழிந்த உதட்டைப் பார்த்தாள்.

"வலிக்குதாம்மா?"

"வலிக்குது," என்றாள் காளியம்மாள், தெருவுக்கே கேட்கிற அதே சத்தத்தில்.