கடைசிக் குப்பி

மருந்து நிரப்பும் அறைக்குள் அழக்கூடாது. கண்ணீர் மட்டுமல்ல, பவுடர், பொட்டு, தும்மல் எதற்குமே அங்கே இடமில்லை. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டி முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். "கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்ளோ நேரம் ஆகாதுக்கா" என்று பக்கத்து மேசைக்காரி தினமும் சொல்லிச் சிரிப்பாள்.

குப்பியில் மருந்து நிரப்பும் இவளுக்கு அங்கே அழுத்தக்காரி என்று பெயர். என்ன நடந்தாலும் முகத்தில் தெரியாது. ஒரே மகள், எட்டு வயது. ஓடித் திரிந்த கால்கள் ஐந்து வயதிலேயே தடுமாற ஆரம்பித்தன. மரபணுவில் ஓர் எழுத்து பிசகியிருக்கிறது என்றார் டாக்டர். "ஒரு எழுத்துக்கா இத்தனை தண்டனை?" என்று ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை மோதிக்கொண்டான் கணவன். அவள் அழவில்லை. அந்தக் குறையை ஈடுகட்டும் மருந்தை எந்தக் கம்பெனி செய்கிறது என்று விசாரித்தாள். இருமல் மருந்து கம்பெனி வேலையை உதறிவிட்டு இங்கே வந்து சேர்ந்தாள்.

ஒரு வைரஸை வெறும் கூடாக்கி, அதற்குள் நல்ல மரபணுவை வைத்து உடம்புக்குள் அனுப்பும் மருந்து அது. ஒரே ஊசிதான். சோதனையாகப் போட்டதில், தவழ்ந்துகொண்டிருந்த ஒரு பிள்ளை படியேறியதாம். அடுத்த சுற்றில் இவள் மகளின் முறை.

அன்று காலை சூப்பர்வைசர் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்கம்மா. இந்த நோய் உள்ள பிள்ளைங்க ரொம்பக் கொஞ்சம் பேராம், கட்டுப்படியாகலையாம். இன்னைக்கு நிரப்புறதோட சரி."

"இன்னைக்கு நிரப்புறது யாருக்கு சார்?"

"ஒரு சின்னப் பையனுக்கு."

"அதுக்கப்புறம்?"

"நீ வீட்டுக்குப் போம்மா. வேற ஆளைப் போட்டுக்கறேன்."

"கை பழகாத ஆள் கெடுத்துட்டா அந்தப் பிள்ளைக்கு வேற ஏது சார்?" என்றாள். போய் உடுப்பை மாட்டிக்கொண்டாள்.

குப்பியில் மருந்து பாதி இறங்கியபோது கண் நிறைந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த சூப்பர்வைசர் கவனித்துவிட்டார். "முடியலன்னா வெளிய வந்துடும்மா" என்று அவர் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"இப்ப வந்தா மருந்து வீணாயிடும் சார்."

இமைத்தால் வழிந்துவிடும். இமைக்காமல் நின்றாள். கை தன் வேலையைப் பார்த்தது. இது என் மகளுக்கு என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். மறுகணமே, முகம் தெரியாத இன்னொரு தாய் எங்கோ வழி பார்த்து உட்கார்ந்திருப்பது மனதில் வந்தது. ரப்பர் மூடியை அழுத்தி மூடினாள்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். "ஊரையே மேல ஏத்துறேன், நம்ம வீட்டுக்கு மட்டும் லிஃப்ட் இல்ல" என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வான். அவர்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி. சாயங்காலம் அவள் வந்தபோது, பள்ளி விட்டு வந்த மகள் கீழ்வீட்டு அத்தையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"மருந்து நிரப்பினியாம்மா?"

"நிரப்பினேன்டி."

"சிந்தலையே?"

"ஒரு சொட்டுகூட சிந்தல."

"அடுத்தது எனக்குத்தானே?"

பொய் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. "இனிமே செய்ய மாட்டாங்களாம் கண்ணு. நிறுத்திட்டாங்க."

கீழ்வீட்டு அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு நிரப்பினியே, அது யாருக்கு?"

"ஒரு குட்டித் தம்பிக்கு."

"அவன் படி ஏறுவானா?"

"ஏறுவான்."

"சரி. என்னைத் தூக்கு."

தூக்கினாள். முதல் மாடித் திருப்பத்திலேயே மூச்சு வாங்கியது.

"கனக்கறேனாம்மா?"

"இல்லடி."

பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தாள். இன்னும் இரண்டு மாடி ஏற வேண்டியிருந்தது.