முகத்தை மட்டும் மாற்றிய பேச்சி அக்கா

எங்கள் ப்ளெக்ஸ் பேனர் கடைக்குச் சாவு எப்போதும் ஆர்டராகத்தான் வரும். வாட்ஸ்அப்பில் ஒரு படம், பெயர், ஊர், கீழே வருந்துகிறவர்களின் பெயர்கள். அன்று காலையும் அப்படித்தான் வந்தது. முதலாளி அண்ணாச்சி போனைத் திறந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏ பாப்பா, இங்கன வா. இது நம்ம பேச்சியா பாரு."

பேச்சி அக்காதான். ஏதோ கல்யாணத்தில் எடுத்த படம். அவர் தோளில் யாருடைய கையோ இருந்தது. காய்ச்சல் என்று சில நாட்களாகக் கடைக்கு வரவில்லை, திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்பது வரைக்கும்தான் எங்களுக்குத் தெரியும். 'நாலுக்கு மூணு அடி பேனர், மதியத்துக்குள்ள வேணும்' என்று அவருடைய தம்பி எழுதியிருந்தார். எங்கள் கடைக்கு வருகிற அஞ்சலிப் படங்களில் பக்கத்தில் நிற்கிறவரின் கையை வெட்டி எடுப்பது பேச்சி அக்காவின் வேலை. அன்று அதைச் செய்ய ஆள் இல்லை. அண்ணாச்சியே உட்கார்ந்து வெட்டினார். முழுதும் போகவில்லை. தோளில் இரண்டு விரல் மிச்சம் இருந்தது. அப்படியே அடித்தோம்.

முப்பதாம் நாளுக்கு நம் கடைத்தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு சிறிய நினைவு மலர் போடுவதாகச் சொல்லி, கூட வேலை பார்த்தவள் என்பதால் என்னையும் எழுதச் சொன்னீர்கள். நான் ஒன்பதாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேச வராது. எழுதினால் என் முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால் ஒத்துக்கொண்டேன்.

நீங்கள் எல்லோரும் அவரிடம் பேனர் அடித்தவர்கள். புதுமனை, காதுகுத்து, கோயில் கொடைத் திருவிழா, எதுவானாலும் "பேச்சி இருக்காளா?" என்று கேட்டுக்கொண்டுதான் கடைக்குள் வருவீர்கள். அவர் கணினியில் டிசைன் செய்வார். நான் தரையில் உட்கார்ந்து, அடித்து வந்த ப்ளெக்ஸின் ஓரத்தை மடக்கி ஒட்டி, கயிறு கட்ட வளையம் அடிப்பேன். அவருக்கு முப்பதுக்கு மேல் வயது. வீட்டுக்காரர் இல்லை. மூன்றாவது படிக்கிற மகளின் செலவும் அந்த வீடும் இந்தச் சம்பளத்தில்தான் ஓடின.

எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் கேம். அண்ணன் போனில் விளையாடிப் பழகியது. அக்காவுக்கு அது ஒன்றுமே தெரியாது. ஆனால் அவருடைய கணினி முழுக்கக் கேம் கதாநாயகர்கள்தான். கொடைக்குப் பேனர் போட வரும் பையன்கள் கவசம் போட்ட ஒரு வீரனின் படத்தைக் கொடுத்து, அந்த உடம்பில் தங்கள் முகத்தை வைக்கச் சொல்வார்கள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா கேட்டார்.

"ஏட்டி, இந்தத் தாடிக்காரன் எந்தப் படத்து நடிகன்?"

"நடிகன் இல்லக்கா. கேம்ல வாரவன். கோட்டையில அடச்சு வச்சிருக்க இளவரசியக் காப்பாத்தப் போவான்."

"அவ எம்புட்டு நாளா அங்கன இருக்கா?"

"கேம் ஆரம்பிச்சதுல இருந்து."

"சோத்துக்கு என்ன செய்யுதா?"

எனக்குச் சிரிப்பில் புரையேறியது. அக்கா சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு, "இவன் பொம்பளையா இருந்தா எப்படிட்டி இருப்பான்?" என்றார். அப்படிக் கற்பனை செய்து இணையத்தில் பலர் வரைந்திருப்பதை நான் காட்டினேன். அதே வீரன். முடியை நீட்டி, இடுப்பைச் சுருக்கி, கவசத்தைப் பாதியாக வெட்டி, ஒரு பக்கமாக ஒடிந்து நிற்க வைத்திருந்தார்கள். அக்கா பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவ சண்டைக்குப் போறாளா, சோப்பு விக்கப் போறாளா? நிக்கிறத எதுக்கு மாத்துதாவ? முகத்த மட்டும் மாத்துனாப் போதாதா?"

அன்றே மாற்றிக் காட்டினார். அகன்ற கால், தோள், கையிலிருந்த வெட்டுத் தழும்பு எதையும் தொடவில்லை. முகம் மட்டும் என்னுடையது. எனக்கு வெட்கம் தாங்கவில்லை, அழித்துவிடச் சொன்னேன். "இருக்கட்டும்ட்டி. ஒன்னய விட நல்லா நிக்கா" என்றார்.

பிறகு அது எங்கள் மதிய விளையாட்டானது. நான் ஒரு கேமின் கதையைச் சொல்வேன், அவர் ஆளை மாற்றுவார். ஒருநாள் கோபுர ஜன்னலில் கன்னத்தில் கைவைத்து நிற்கும் இளவரசிக்கு எங்கள் அண்ணாச்சியின் மீசை முகத்தை வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி உள்ளே வந்துவிட்டார்.

"இது யாரு? நானா?"

"ஆமா அண்ணாச்சி. ஒரு வீராங்கனை வந்து காப்பாத்துவான்னு காத்துக்கிட்டு நிக்கிய."

"நான் எதுக்குட்டி காத்துக் கெடக்கணும்? ஜன்னல் வழியாக் குதிச்சாப் போச்சு!"

"அதத்தான் நாங்களும் இம்புட்டு நேரமாப் பேசிக்கிட்டு இருக்கோம்" என்றார் அக்கா.

அண்ணாச்சியும் சிரித்துவிட்டார். ஆனால் போகும்போது, "இதெல்லாம் சும்மா இருக்கும்போது. ஆர்டர்ல வெளயாண்டே, அப்புறம் இந்த நாற்காலி ஒனக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அந்த நாற்காலி போகிற அளவுக்கு வந்த விஷயத்தை உங்களில் பலர் பல விதமாகச் சொல்கிறீர்கள். நான் பார்த்ததை எழுதுகிறேன்.

விளாத்திகுளம் ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு ஊர். அங்கே ஒரு பெண் பெரியவளான சடங்கு வீடு. தாய்மாமன் பேனர் வைக்காத சடங்கு நம் பக்கத்தில் கிடையாது. அந்த மாமன் கடைக்கு வந்து, கேமில் வரும் குதிரை வீரன் ஒருவனின் படத்தைக் காட்டினார். தன்னை அந்தக் குதிரை மேல் வாளோடு வைக்க வேண்டும், மருமகள் கிரீடம் வைத்துக் குதிரைக்குக் கீழே நிற்க வேண்டும் என்றார். படத்தைப் பற்றி அவ்வளவுதான் சொன்னார். பெயர்களைப் பற்றித்தான் வெகுநேரம் சொன்னார். யார் முதலில், யாருக்கு இனிஷியல் இரண்டு எழுத்து, எந்தச் சித்தப்பா பெயர் எந்தப் பெரியப்பாவுக்கு மேலே வந்துவிடக்கூடாது என்று.

மறுநாள் போட்டோ கொடுக்க அந்தப் பிள்ளை கனகா தன் தாயோடு வந்தாள். தாய் அண்ணாச்சியிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவள் திரையைப் பார்த்தாள். பிறகு தரையிலிருந்த என் பக்கமாகக் குனிந்து, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் கேட்டாள்.

"அக்கா, குதிரையில நான் இருக்க முடியாதா? நான் அந்தக் கேம் வெளயாடுவேன். நல்லா ஓட்டுவேன்."

நான் நிமிர்ந்து நாற்காலிப் பக்கம் பார்த்தேன்.  பேச்சி அக்காவுக்குக் கேட்டுவிட்டது. 

அவர்கள் போனபின் இரண்டு படம் செய்தார். ஒன்று மாமன் கேட்டது. இன்னொன்றில் குதிரை மேல் கனகா. கால் அகட்டி, முதுகு நிமிர்ந்து, வாளை உயர்த்தி, அந்த வீரன் எப்படி உட்கார்ந்திருந்தானோ அப்படியே. கீழே மாமன் வேட்டி சட்டையில் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டையும் மாமனுக்கு அனுப்பி, 'எது அடிக்கணும் அண்ணாச்சி?' என்று கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. 'பேர் எல்லாம் கரெக்ட். அடிங்க.'

"படத்தப் பாக்கவே இல்லக்கா" என்றேன்.

"யாருட்டி பாக்கா? எல்லாரும் பேரத்தான் பாப்பாவ."

"திரும்பக் கேளுங்கக்கா."

அக்கா போனைக் கையில் எடுத்தார். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டாவது படத்தை மெஷினுக்கு அனுப்பினார். அண்ணாச்சி அன்று ஒரு கல்யாணத்துக்காகச் சாத்தூர் போயிருந்தார். மெஷின் ஒவ்வொரு கோடாக அடித்தது. முதலில் வாள் வந்தது, பிறகு கனகாவின் நெற்றி. இப்போது நிறுத்தினால் ஒரு முழம் ப்ளெக்ஸ்தான் வீண். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். குதிரையின் குளம்பு வரை வந்துவிட்டது.

சடங்கன்று பேனர் கட்டுகிற ஆள் வரவில்லை. "நானே போறேன். நீ வாரியா?" என்றார் அக்கா. ரீப்பர் மரச் சட்டத்தில் அடித்த பேனரை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். பந்தல் வாசலில், தெருவைப் பார்த்துக் கட்டினோம். கடைசி முடிச்சுப் போடும்போதே மேளச் சத்தம் கேட்டது. மாமன் சீரோடு வந்துகொண்டிருந்தார்.

சீர்த்தட்டு ஏந்தி வந்த பெண்கள்தான் முதலில் நின்றார்கள். அப்புறம் மேளம் நின்றது. கூட்டத்தில் ஒரு பையன், "ஏலே, மாமன் குதிர மேய்க்காவ!" என்று கத்தினான். சிரிப்பு தெரு முனை வரை போனது. மாமனின் முகம் சிவந்து கறுத்தது.

"எவன் அடிச்சது இத?"

கடைக்கு வந்திருந்த மாமன் எங்களைக் கவனித்ததில்லை, கூட்டத்தில் வேறு யாருக்கும் எங்களைத் தெரியாது. நாங்கள் அப்படியே ஆட்டோவில் ஏறிப் போயிருக்கலாம். பேச்சி அக்கா முன்னால் போனார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"நான்தான் அண்ணாச்சி."

"என்னயக் குதிரக்காரன் ஆக்கிட்டியே! ஊரு முன்னால!"

அவர் அங்கேயே எங்கள் முதலாளிக்குப் போன் போட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துக்கொண்டார். முதலாளி அண்ணாச்சியின் குரல் பதறியது. "மன்னிச்சிருங்க அண்ணாச்சி, வேற அடிச்சுத் தாரேன். ஏ பேச்சி, கேக்குதா? மன்னிப்புக் கேளு. கேக்கலன்னா நாளையில இருந்து கடைக்கு வராத."

தெருவே அக்காவைப் பார்த்தது. அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"ரெண்டு படமும் அனுப்பி எதுன்னு கேட்டேன். நீங்க பாக்காமச் சொன்னிய. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன். ஒங்க மனசு நொந்திருந்தா, அதுக்குக் கேக்கேன். பேரு எதும் விட்டுப்போச்சா அண்ணாச்சி?"

நம்புவீர்களோ என்னவோ, பாதிக் கூட்டம் உடனே பேனருக்குக் கீழே போய்ப் பெயர்களை வாசிக்கத் தொடங்கிவிட்டது. ஒரு சித்தப்பா தன் இனிஷியலை விரலால் தொட்டுப் பார்த்து, "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டார். மாமனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. வாழைக்குலை வெட்டக் கொண்டுவந்திருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு பேனரிடம் போனார். ஓங்கிவிட்டார். பேனருக்கு முன்னால் நின்ற அக்கா நகரவில்லை. நகர்ந்தால் பேனர், நகராவிட்டால் அவர்.

"தம்பி!" என்று பந்தலுக்குள்ளிருந்து கனகாவின் தாய் கத்திக்கொண்டு வந்தார். "நல்ல நாளும் அதுவுமா எம்மவ முகத்துலயா அருவாள வைக்கப் போற? வை பாப்போம்!"

கை அப்படியே நின்றது. சடங்கன்று பெண்ணின் முகத்தைக் கிழிக்க எந்தத் தாய்மாமனாலும் முடியாது. அவிழ்த்துத் தரையில் போடவும் முடியாது. அவர் அரிவாளைத் தாழ்த்தி, மூச்சு வாங்கி, சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "திருப்பிக் கட்டுங்கலே. தெருவுல ஒருத்தன் கண்ணுலயும் படக்கூடாது."

பையன்கள் அவிழ்த்துத் திருப்பிக் கட்டினார்கள். தெருவுக்கு வெள்ளை முதுகுதான் தெரிந்தது. மேளம் மறுபடி தொடங்கியது. சீர்த்தட்டுகள் உள்ளே போயின. வந்தவர்கள் எல்லோரும் பேனருக்கு முதுகு காட்டி, மேடையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். மேடையில் நாற்காலியில் இருந்த கனகாவுக்கு நேர் எதிரே அந்தப் படம் இருந்தது. மாலை போட்டார்கள், சந்தனம் பூசினார்கள், மாமன் வளையல் போட்டார். தலையைக் குனியச் சொல்லிப் பெண்கள் அதட்டிக்கொண்டே இருந்தார்கள். அவள் குனியவே இல்லை.

மறுநாள் பேச்சி அக்கா வழக்கமான நேரத்துக்கு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். காதுகுத்து ஆர்டர்கள் குவிந்து கிடந்தன. அண்ணாச்சி போ என்று சொல்லவில்லை. ஆனால் வெகுநாள் அவரோடு பேசவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்துகொண்டு, "பாப்பா, அந்த முருகனக் கொஞ்சம் பெருசாக்கச் சொல்லு அவகிட்ட" என்பார். "பாப்பா, முருகன் இதுக்கு மேல வளர மாட்டாருன்னு சொல்லு அவியகிட்ட" என்பார் அக்கா.

சாவு வீட்டில் நீங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டேன். "பேச்சி யாருக்கும் பயந்தவ இல்ல" என்றீர்கள். அது சரியில்லை. அரிவாள் ஓங்கிய நேரத்தில் அவர் முன்னால் நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். அவருடைய வலது கையை நான் மட்டும்தான் பார்த்தேன். அது முதுகுக்குப் பின்னால் வந்து துழாவி, என் மணிக்கட்டைப் பிடித்தது. வியர்வையில் ஈரமாக இருந்தது. நகம் பதிந்துவிட்டது. ஊர் திரும்பும்போது ஆட்டோவில் அவர் என் கையை எடுத்துப் பார்த்து, "வலிச்சுதாட்டி?" என்று கேட்டார்.

"பயந்துட்டீங்களாக்கா?"

"பின்ன? எம்புள்ளைக்கு ஆரு சோறு போடுவான்னு நெனச்சேன். ஓடிரலாம்னுதான் இருந்துச்சு. ஆனா அந்தக் கனகாப் புள்ள பந்தல்ல இருந்து பாத்துக்கிட்டே இருந்தாட்டி."

பயமே இல்லாத ஒருவரை நான் வெறுமனே பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன். என்னைப் போலவே பயந்த ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பிடியைத்தான்.