சனிக்கிழமை வந்த அமோர்ஸ் மெசின்

பிரான்சில், ரூ பெர்தொனே என்ற தெருவில் என் கடை. தையல் மெசின் திருத்துகிறேன். கிரைண்டரும் வரும். பதினெட்டு வருடமாக உட்காருவது அதே கதிரையில். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இந்த வேலைக்கு அது போதும்.

சனிக்கிழமை பின்னேரம் கதவு திறந்தால் இப்போதும் நிமிர்ந்து பார்க்கிறேன். ஒரு மனிதரால் வந்த பழக்கம்.

அவர் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வீடு சார்செலில். முதல் நாள் ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார். உள்ளே ஒரு சின்ன மெசின். வட்டத் தட்டு, அதிலிருந்து இறங்கும் ஒரு சரிவு, முனையில் மெல்லிய குழாய். சுவிச்சைப் போட்டால் தட்டு அதிரும்.

இது என் வேலை இல்லை என்றேன்.

"உங்க மெசின் துணிய நகர்த்துது. இது இத நகர்த்துது. அவ்ளோதான் தம்பி" என்றார்.

'இது' என்று அவர் காட்டியது அமோர்ஸ். தோட்டாவின் அடியில் இருக்கும் சின்னப் பித்தளை மூடி, பருப்பளவுதான். துப்பாக்கி ஊசி அதில் குத்தினால்தான் தோட்டா வெடிக்கும். அவர் ஞாயிறுகளில் கிளப்புக்குப் போய் இலக்குச் சுடுவார். பட்டாளத்துக் கூட்டாளிகள் மூன்று பேர் அங்கே வருவார்கள். அவருடைய பழைய துப்பாக்கிக்குக் கடைத் தோட்டா கிடைப்பதில்லை. சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளை வீட்டில் தானே திரும்ப நிரப்புவார். அமோர்ஸ் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி குழாய்க்குள் விழ வேண்டும். கையால் அடுக்க அவருக்கு முடியாது. விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. சுட ஒரு விரல் போதும், இதற்கு மூன்று வேண்டும் என்றார்.

சோதித்துப் பார்க்க, சுட்டுத் தீர்ந்த அமோர்ஸ் ஒரு டப்பா தந்தார்.

பின்னால் சட்டை தைத்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, உது வெடிக்காதோ?"

"வெடிச்சு முடிஞ்சுது."

அவள் திரும்பத் தையலுக்குப் போனாள். சண்டைக் காலத்தில் ஊரில் கேட்ட அந்தச் சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் போதுமான அளவு தெரியும்.

தட்டைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஒரு ரப்பர் கால் தேய்ந்து மெசின் சாய்ந்திருந்தது. தட்டின் கீழே ஓர் ஆணி தளர்வு. வியாழன் முடித்தேன். மூன்று குழாய் நிரப்பினேன். ஒன்றும் சரிவில் நிற்கவில்லை. சனி வந்து கொண்டுபோனார்.

அடுத்த வாரம் செவ்வாயே பெட்டியோடு திரும்பி வந்தார். வீட்டில் அமோர்ஸ் சரிவிலேயே நிற்கிறதாம். துடைத்தேன், ஓட்டினேன். ஓடியது. கொண்டுபோனார். அடுத்த செவ்வாய் திரும்பவும் வந்தார். என் மேசையில் ஓடுகிற மெசின் அவர் மேசையில் ஓடவில்லை. திருத்துகிறவனுக்கு அதைப்போல வெட்கம் வேறில்லை.

மூன்றாம் முறை அவர் உட்காரவே இல்லை. "மகன் வித்துடச் சொல்றான். இந்த மாசம் பார்ப்பேன். அப்புறம் கிளப்பு கார்டைத் திருப்பிக் குடுத்துடுவேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அந்தச் சனியும் மெசின் நன்றாக ஓடித்தான் போனது. திங்கள் எனக்குக் கடை லீவு. ரெர் ரயிலில் ஏறி சார்செலுக்குப் போனேன். அவர் வீட்டுக் குசினியில், சாப்பாட்டு மேசையில் மெசின். தீர்ந்த அமோர்ஸைத் தட்டில் கொட்டி சுவிச்சைப் போட்டார். ஐந்து இறங்கின. ஆறாவது சரிவில் நின்றது. விரலால் தொட்டுப் பார்த்தேன். மஞ்சளாக மா மாதிரித் தூள்.

தட்டின் விளிம்பைப் பார்த்தேன். சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

மனைவி வெள்ளிக்கிழமைகளில் கடையில் நிற்கிற மெசின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பாள். பதினெட்டு வருடம் பார்த்த பொட்டு, எனக்குக் கண்ணில் படுவதே இல்லை. நான் வியாழன் முடிக்கிறேன். அவள் வெள்ளி வைக்கிறாள். அவர் சனி கொண்டுபோகிறார். வீட்டில் சந்தனம் காய்ந்து, அதிர அதிர உதிர்கிறது. என்னிடம் திரும்பி வந்ததும் நான் முதல் வேலையாகத் துடைத்துவிடுகிறேன். பிறகு என் மேசையில் ஓடாமல் என்ன செய்யும்.

"ஐயா, இதை ஏன் துடைக்கேல்லை?"

"நான் மாதா கோயிலுக்குப் போறவன்தான். ஆனா உங்க வீட்டம்மா சாமிக்கு வச்சது. நான் எப்படிங்க துடைக்கிறது?"

ஈரத் துணியால் துடைத்தேன். பிறகு காய்ந்த துணியால். சுவிச்சைப் போட்டேன். குழாய் நிரம்பியது. இன்னொன்று. அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எல்லாம் ஒரே பக்கம் பார்க்கிறதா என்று நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப மூணு வாரமா என்னை கிளப்புக்கு வுடாம வச்சது உங்க சாமிதான்."

"சாமி இல்லை ஐயா. நான்தான்."

அதற்குப் பிறகுதான் கோப்பி போட்டார்.

வீட்டில் சொன்னேன். மனைவி தையலை நிறுத்தினாள். பொட்டைப் பெட்டியில் வைத்திருக்கலாம், யாராவது ஒரு சொல் சொல்லியிருக்கலாம் என்றாள்.

அடுத்த சனி அவர் வெறும் பெட்டியோடு வந்தார். மூடியில் ஒரு பொட்டு வைத்துத் தரச் சொன்னார். வைத்தாள். மூடியின் உட்பக்கம் மாதா படம் ஒட்டியிருந்தார். ரெண்டு பக்கமும் காவல் என்று சிரித்தார்.

பிறகு மூன்று வருடம், பழுது இல்லாமலே சனிக்கிழமைகளில் வந்தார். தேத்தண்ணி குடிப்பார். ஞாயிறு எத்தனை இலக்கில் பட்டது என்பார். பெரிதாக ஒன்றும் கதைக்கமாட்டோம். நான் தையல் மெசினைக் கழற்றிக்கொண்டிருப்பேன். அவர் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது மகளோடு மர்செய் பக்கம் போய்விட்டார். அங்கேயும் ஒரு கிளப் பிடித்துவிட்டார்.

போன மாதம் டெலிபோன் எடுத்தார். மெசின் ஓடுதோ என்று கேட்டேன்.

"ஓடுது தம்பி. மூடியில பொட்டுதான் மங்கிப்போச்சு."

கொண்டு வாங்கோ என்றேன்.