பின் விளக்கு பார்க்க ஓர் ஆள்

வடக்கு டகோட்டாவில் காருக்குப் பின்னால் கேம்பர் என்கிற சக்கர வீட்டை மாட்டி இழுத்துத் திரிகிற தம்பதிகளில் இரண்டு வகை உண்டு. அதைப் பின்னோக்கி நிறுத்தும்போது சண்டை போடுகிறவர்கள் ஒரு வகை. போட்டுவிட்டு, போடாததுபோல் நடிக்கிறவர்கள் இன்னொரு வகை. ஏரிக்கரை முகாமுக்குள் புது வண்டி நுழைந்தால், முன்னே வந்தவர்கள் மடக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். காசில்லாத கூத்தை யார் விடுவார்கள்? ஆர்டிஸ் டொல்லெஃப்சனும் அவள் கணவர் மெர்லும் முப்பது கோடைகள் அந்தக் கூத்தில் ஆடியவர்கள். ஓட்டுவது மெர்ல். பின்னால் நின்று கையசைத்துக் கத்துவது ஆர்டிஸ். பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளை அதட்டிப் பழகிய தொண்டை அவளுக்கு.

கிளம்பும் முன் பின்விளக்கு பார்ப்பதும் அவள் வேலைதான்.

"இடது?" என்பார் மெர்ல், இருக்கையில் இருந்தபடி.

"எரியுது!"

"பிரேக்கு?"

"எரியுது!"

"சரி, ஏறு ஆர்டி."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டால்தான் அவளுக்குக் கோடை பிறந்ததாக அர்த்தம்.

மார்ச்சில் மெர்ல் போய்ச் சேர்ந்தார். கேம்பரைத் தானே வாங்கிக்கொள்வதாகக் கொழுந்தன் ஆர்வில் வந்து நின்றான். "தனியா இதை இழுத்துக்கிட்டு எங்க அண்ணி போகப் போறீங்க? அண்ணனே காத்தடிச்சா தடுமாறுவாரு."

"உங்க அண்ணன் தடுமாறுனது ரிவர்ஸ் எடுக்கறப்ப மட்டுந்தான்டா. நான் ஏரிக்குப் போயிட்டு வரேன். முடியலைன்னா சாவி உனக்கு."

வீறாப்பாகத்தான் சொன்னாள். கேம்பர் கைவிட்டுப் போனால் அவளுக்குப் போக்கிடம் ஏது? டிவிப் பெட்டியோடுதான் பேச வேண்டும்.

ஜூனில் ஒரு காலை கொக்கியை மாட்டி, சங்கிலிகளைக் குறுக்காகப் போட்டு, விளக்கு ஒயரைச் செருகினாள். எல்லாம் சரியாகவே வந்தது. பிரேக்கை மிதித்துக்கொண்டே பின்னால் போய் நிற்பது மட்டும் ஒருவரால் ஆகிற காரியமா? பக்கத்து வீட்டைத் தட்டக் கூச்சமாக இருந்தது. எரியும் என்று நம்பிக் கிளம்பிவிட்டாள்.

நெடுஞ்சாலை இறக்கத்தில் பெரிய லாரி ஒன்று முந்தியது. அது கிளப்பிய காற்றில் கேம்பர் ஒருபக்கம் இழுத்தது, உடனே மறுபக்கம். குளிப்பாட்டிய நாய் உடம்பை உதறுவதுபோல அவளுடைய எஸ்யூவியையும் சேர்த்து உதறியது. பிரேக்கை மிதிக்கக் கால் துடித்தது. மிதித்தால் தீர்ந்தது கதை. "ஆக்சிலேட்டர்லருந்து காலை எடு, ஸ்டியரிங்க நேரா பிடி, டிரெய்லர் பிரேக்கைக் கையால அமுக்கு" என்று மெர்ல் ஆயிரம் தடவை சொன்னதை அவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. ஆனால் கை எப்படியோ கேட்டிருக்கிறது. அமுக்கினாள். ஆட்டம் மெல்ல அடங்கியது.

சாலையோர ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தினாள். அப்போது பார்த்தா ஆர்வில் போன் செய்ய வேண்டும்!

"நான் வந்து இழுத்துட்டு வரவா அண்ணி?"

"காத்து கொஞ்சம் ஜாஸ்தி. வேற ஒண்ணுமில்ல."

போனை வைத்துவிட்டு அழுதாள். சுற்றிலும் கோதுமை வயல். அழுவதற்கு வசதியான இடந்தான்.

அழுது முடித்துக் கேம்பரைச் சுற்றி வந்தாள். முன்பக்கப் பெட்டியைத் திறந்ததும் விஷயம் விளங்கியது. பெட்டி காலி. ஜாக்கி, இரும்புச் சங்கிலி, ஸ்பானர்கள் என்று மெர்லின் கைபட்டதையெல்லாம் பார்க்கச் சகிக்காமல் அவள்தான் சர்ச்சின் பழம்பொருள் விற்பனைக்குத் தூக்கிக் கொடுத்திருந்தாள். போதாதற்குத் தண்ணீர்க் கேன்களைப் பின்கட்டிலின் அடியில் அடைத்திருந்தாள். முன்னால் கனமில்லாமல் பின்னால் கனத்தால் கேம்பர் ஆடாமல் என்ன செய்யும்?

கேன்களையும் டப்பா உணவுகளையும் ஒவ்வொன்றாக முன்னால் சுமந்தாள். இரும்பு வாணலியைக்கூட விடவில்லை. கயிறு தேடிக் காரைக் குடைந்தபோது கார்க் கண்ணாடியில் பனி தள்ளும் பிரஷ் காலில் விழுந்தது. டகோட்டாக்காரர்களின் காரில் ஜூனிலும் அது கிடக்கும். நல்ல நீளக் காம்பு. அதைப் பிரேக்குக்கும் இருக்கைக்கும் நடுவே முட்டுக் கொடுத்துவிட்டு, பின்னால் போய் வழக்கமான இடத்தில் நின்றாள். இரண்டு விளக்கும் சிவப்பாக எரிந்தன.

"எரியுது!"

பழக்க தோஷம், முழுத் தொண்டையில் கத்திவிட்டாள். அந்தப் பக்கம் நின்ற லாரிக்காரர் திரும்பிப் பார்த்தார். முன்னாலிருந்து பதில் வரவில்லை. வராது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

பிறகு முன்னால் போய்ப் பிரஷ்ஷை எடுத்தாள். "சரி, ஏறு ஆர்டி" என்று தன் வாயாலேயே சொல்லிக்கொண்டு ஏறினாள். ஏரிக்கு இன்னும் வெகுதூரம் போக வேண்டியிருந்தது.